பிந்திலியே வைக்காத செங்கல்

ருமேனியாவில் எங்கள் நிலக்கரிப் பள்ளத்தாக்கில் பிந்திலியேவைவிடப் பேச்சுக் குறைந்த ஆள் கிடையாது. சுரங்கத்தின் மீட்புப் படையில் எங்களோடு இருந்தான்.

உள்ளே தீப்பிடித்தால் காற்றுப் புகாமல் செங்கல் சுவர் கட்டி அடைப்பது வழக்கம். ஒருநாள் அப்படித் தீப்பிடித்தபோது சுரங்கத் தொழிலாளி யோனெல் உள்ளே சிக்கிக்கொண்டான். உள்ளே போகும் இரும்புக் குழாயைத் தட்டிப் பார்த்தோம். அவன் பதிலுக்குத் தட்டும் சத்தம் வரவில்லை. மேலாளர் அடைக்கச் சொன்னார். பிந்திலியே கொத்துக் கரண்டியைக் கீழே போட்டான். மற்றவர்கள் நாங்கள் கட்டி முடித்தோம்.

விசாரணையில் மேலாளர் கேட்டார்: "பயந்துட்டியாய்யா?"

"இல்லைங்க."

"பின்ன ஏன் செங்கல் வைக்கல?"

"முடியலைங்க."

"கை சுளுக்கா?"

அறையே சிரித்தது. பிந்திலியே மறுபடியும் "முடியலைங்க" என்று மட்டும் சொன்னான். கோழை என்று வேலையை விட்டு அனுப்பினார்கள்.

யோனெலின் நாற்பதாம் நாள் நினைவுச் சாப்பாட்டில் அவன் மனைவி சவேதா, ரொட்டியும் மெழுகுவர்த்தியும் வைத்த முதல் தட்டைப் பிந்திலியேவிடம் நீட்டினாள்.

"கோழைக்கா முதல் தட்டு?" என்றான் ஒருவன்.

"செத்தத கண்ணால பாக்காம ஒரு மனுசன உள்ள வச்சு மூடக் கூடாதுன்னு நெனச்சாரு. அது கோழைத்தனமா?"

பிந்திலியே தட்டைப் பிடித்தபடி எங்கள் பக்கம் திரும்பினான்.

"அதேதான்டா. அன்னிக்கு இத நான் சொல்லியிருந்தா நீங்களும் கைய நிறுத்தியிருப்பீங்க, இல்ல?"