மீனுக்கும் பார்த்த ராகு காலம்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆந்திராவில், புத்தூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹாலில் ஆசை ஆசையாக உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருந்தேன். உப்பைக் கரைத்து, கல்லை அடுக்கி, தண்ணீர் பக்குவப்படவே ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தேன். அன்றைக்குத்தான் என் கணவர் சென்னையிலிருந்து இரண்டு மீன்களை வாங்கி வந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி.

கடல்மீனை வாங்கி வந்ததும் தொட்டியில் கொட்டிவிட முடியாது. அந்தக் கடைத் தண்ணீரில் உப்பு குறைவு, எங்கள் தொட்டியில் அதிகம். முதலில் மீன் வந்த பிளாஸ்டிக் கவரோடு மிதக்கவிட்டுத் தண்ணீரின் சூட்டைச் சமமாக்க வேண்டும். பிறகு மீனை ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, மெல்லிய ட்யூப் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டால் மீன் தாங்காது.

கவரை மிதக்கவிட்டிருந்தேன். மீனைப் பார்க்க வந்திருந்த நாத்தனார் டீ கேட்டார். போட்டுக்கொண்டு டம்ளரோடு திரும்பினால், காலிக் கவர் தரையில் கிடக்கிறது. மீன்கள் தொட்டிக்குள்.

"என்ன அண்ணி இது?"

"நாலரைக்கு ராகு காலம் வந்துடும்மா. அதுக்குள்ள உள்ள வுட்டுட்டேன். நீ சொட்டு சொட்டா எப்ப வரைக்கும் வுட்டுக்கினு இருப்ப?"

ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது. அது வந்த தண்ணீரும் தொட்டியில் கலந்துவிட்டதால் திருப்பி எடுத்து அதிலேயே விடவும் வழியில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் செத்துப்போனது. இன்னொன்று கல் இடுக்கில் ஒளிந்துகொண்டு எப்படியோ தப்பித்தது.

நாத்தனார் அசரவில்லை. "நேரம் பாத்து வுட்டதாலதான் ஒண்ணாவது பொழச்சுது" என்றார். கணவரோ, "வுடு, அக்கா நல்லதுக்குத்தான செஞ்சாங்க" என்றார். நல்லதாம். யாருக்கு நல்லது? அந்த மீனுக்கா?

என் கோபம் மீனோடு நிற்கவில்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த அன்றைக்கு என்னையும் இப்படித்தான் நல்ல நேரம் பார்த்து, வலதுகாலை எடுத்து வைக்கச் சொன்னார்கள். உடனே, புடவைகூட மாற்றவிடாமல், வந்தவர்களுக்கெல்லாம் டீ போடச் சொன்னார்கள். சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறதென்று தெரியாது. அக்கம்பக்கத்தார் பேசிய தெலுங்கு ஒரு வார்த்தை புரியாது. வாசற்படி தாண்டுகிற நேரத்தைத்தான் பார்த்தார்கள். தாண்டி வந்தவள் என்ன ஆனாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

இந்த வருடம் கொழுந்தனாருக்குக் கல்யாணம். புதுப்பெண் வந்து உட்காரக்கூட இல்லை, "எல்லாருக்கும் டீ போடும்மா" என்று நாத்தனார் ஆரம்பித்தார். எனக்கு அந்தக் காலிக் கவர்தான் கண்முன் வந்தது.

"அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் ஒக்காரட்டும் அண்ணி. டீ வேணும்னா இன்னிக்கி நீங்க போடுங்க" என்றேன்.

வீடே என்னைப் பார்த்தது. நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். போகட்டும். அந்த மீனுக்குக் கிடைக்காமல் போன ஒரு மணி நேரத்தை, இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும், இனி நான் கேட்டு வாங்கிக் கொடுக்காமல் விட மாட்டேன்.