உயிரில்லாத தட்டில் சிவப்பு

கையில் ஸ்பிரிட் தேய்த்தபடியே அம்சா இன்குபேட்டரின் கதவைத் திறக்கிறாள். உள்ளே, இட்லித் தட்டுபோலக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டுகளில், எலும்பை உண்டாக்கும் உயிரணுக்கள் இளஞ்சிவப்புத் திரவத்தில் வளர்கின்றன. திரவம் மஞ்சளாக மாறியிருந்தால் மாற்றியாக வேண்டும். "ஆங், பசி வந்துட்ச்சா? இருங்கடி, ஊத்துறேன்" என்பாள்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வீடு திருத்தணியில். அன்றாடம் மின்சார ரயிலேறிச் சென்னைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறாள், அங்கே டெக்னீஷியன். வேலை நாளில் பூ வைப்பதில்லை. நெற்றி விபூதியையும் வாசலிலேயே துடைத்துவிடுவாள். "முருகன் கோச்சிக்க மாட்டாரு. தட்டுல பூஞ்சான் வந்தா மேடம் கோச்சிக்குவாங்க."

பிரண்டைச் சாறு எலும்பை வளர்க்கிறதா என்பதுதான் அங்கே பேராசிரியை மேடம் நடத்தும் ஆய்வு. சாறு கலந்த திரவத்தில் அணுக்களை வாரக்கணக்கில் வளர்த்து, கடைசியில் சாயம் ஊற்றுவார்கள். சுண்ணாம்புச் சத்து படிந்த இடம் சிவக்கும். சிவந்தால் எலும்பு உருவாகிறது என்று கொள்வார்கள். சாறு விட்ட குழிகள் நன்றாகவே சிவந்தன. கட்டுரை அச்சேறவிருந்தது, எழுதியவர் வரிசையில் முதல்முறையாக அம்சாவின் பெயரும் இருந்தது. "என் பொண்டாட்டி எலும்பு செய்யுறா" என்று கணவன் கஜபதி தன் ஆட்டோவில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான். ஆய்வு மாணவி தமிழ்செல்வியின் பட்டமும் அதை நம்பித்தான்.

ஆடிக் கிருத்திகைக்கு அம்மையார்குப்பத்து உறவுகள் காவடியோடு வந்து இறங்குவது வழக்கம். கூட்டம் ரயிலை அடைப்பதற்குள் வீடு சேர வேண்டுமென்ற அவசரத்தில், சாறு விட்ட புதுத் தட்டு ஒன்றை அம்சா மேசைமேலேயே விட்டுப் போய்விட்டாள். திருவிழா முடிந்து வந்து பார்த்தால் திரவம் கத்திரிப்பூ நிறத்துக்கு ஏறியிருந்தது. நுண்ணோக்கியில் அணுக்கள் சுருண்டு, பிடி விட்டு மிதந்தன. ஒன்றிலும் உயிரில்லை.

தமிழ்செல்வி அன்றுதான் புதுச் சாயம் கலக்கியிருந்தாள். "கொட்டாத பாப்பா. செத்ததுல ஊத்திப் பாப்போம். சிவக்கலன்னா சாயம் சரியா இருக்குன்னு அர்த்தம்" என்றாள் அம்சா.

சிவந்தது.

அம்சா தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கழுவனது பத்தலக்கா" என்றாள் தமிழ்செல்வி. மறுபடியும் கழுவினார்கள். சிவப்பு போகவில்லை.

"செத்தவ எப்பிடிடி எலும்பு கட்டுவா?"

"எலும்பு இல்லக்கா. வெளிய கெடந்ததுல திரவத்துல காரத்தன்மை ஏறி, சுண்ணாம்பு தானா படிஞ்சிருக்கும்."

"போர் தண்ணி காய வெச்சா அண்டாவுல வெள்ளையா படியுதே, அந்த மாதிரியா?"

"ஆமாக்கா."

"அப்போ இத்தினி வருசமா உள்ள சிவந்தது?"

தமிழ்செல்வி சாயப் புட்டியை இறுக மூடினாள். பிறகு, "அது இன்குபேட்டர்ல இருந்துச்சி, வேற கதை. கொட்டிடுங்கக்கா, கட்டுரை வர்ற நேரத்துல எதுக்கு?" என்றாள்.

மாலையில் திருத்தணி ஸ்டேஷன் வாசலில் கஜபதி ஆட்டோவோடு நின்றான். "எலும்பு டாக்டரம்மா, ஏறுங்க. இன்னா பாத்துகினு நிக்கிற?"

"செத்துப்போனதுங்கூட செவக்குதுய்யா."

அவன் சிரித்தான். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சந்தைத் திருப்பம் தாண்டிய பிறகுதான் கேட்டான்: "அப்ப உன் பேரு வராதா?"

"தெரியில. வந்தா உண்மையா வரணும்."

மறுநாள் அவள் ஆய்வுக்கூடம் சேர்ந்தபோது தமிழ்செல்வி முன்பே வந்திருந்தாள். அம்சா கொட்டியிருப்பாள் என்று தட்டைக் குப்பையில் தேடிக்கொண்டிருந்தாள்; இல்லை.

"நேத்தே மேடம் மேசையில வெச்சிட்டேன். போன்லயும் சொல்லிட்டேன். பாத்துட்டு முடிவு பண்ணலாம்னாங்க" என்றாள் அம்சா.

தமிழ்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "என் பட்டம் என்னாவுறதுக்கா?"

அம்சா அவள் தோளைத் தொட்டாள். "உள்ள வெச்சாலும் செத்தது செவக்குதான்னு பாத்துருவோம்" என்று இன்குபேட்டரிலிருந்து நன்றாக வளர்ந்திருந்த ஒரு தட்டை எடுத்தாள். ஒரு வரிசைக் குழிகளில் பார்மலினை ஊற்றினாள். ஊற்றும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த அணுக்கள் செத்து முடிந்த பிறகு பொறுமையாகக் கழுவினாள். பின் உயிருள்ள வரிசைக்கும் செத்த வரிசைக்கும் ஒரே அளவு திரவமும் ஒரே அளவு சாறும் விட்டு, தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.