இணைப்பு அறுந்த பத்து நிமிடம்

அலுவலகத்தில் அவளுக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். கிண்டலாக வைத்ததுதான். கட்டளையைத் தட்டச்சு செய்து, எழுத்தெழுத்தாக மூன்று முறை வாசித்த பிறகே என்டரைத் தொடுவாள். “நிதானம் ஒரு வரி அடிக்கறதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டு வந்துடுவேன்” என்பார் மேலாளர். அச்சகத்தில் பதினோரு வருடம் மெய்ப்புப் பார்த்தவள். ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக இரண்டாயிரம் பிரதிகள் குப்பைக்குப் போனதைக் கண்ணால் கண்டவள். அச்சகம் மூடியதும் தங்கையின் பழைய கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கற்றுக்கொண்டு, சர்வர்களைத் தொலைவிலிருந்தே பராமரிக்கும் இந்த வேலையில் முப்பத்தொன்பதாம் வயதில் சேர்ந்தாள்.

அவள் பார்த்துக்கொண்ட சர்வர்களில் ஒன்று, ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்த ஒரு மருத்துவமனையுடையது. அந்த ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளாலேயே ஆன மூன்று தனிக் கணினிகள் ஓடின. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒன்றில் இரத்த வங்கியின் இருப்புப் பட்டியல் இருந்தது. இரத்தம் கொடுப்பவர்களைப் பதிவு செய்ய நான்காவதாக ஒன்றை உருவாக்க வேண்டும். அதுவும் அன்று மதியத்துக்குள்.

உருவாக்குவதில் சிக்கல் இல்லை. நினைவகம் எவ்வளவு, வட்டில் இடம் எவ்வளவு என்று ஒரே நீண்ட வரியில் எழுதி அனுப்பினாள். புது இயந்திரம் பிறந்துவிட்டது. ஆனால் அது வெளியே பேச வேண்டுமானால் சர்வரின் நெட்வொர்க் அமைப்பையே மாற்ற வேண்டும். அவள் உள்ளே நுழைந்திருந்ததும் அதே நெட்வொர்க் வழியாகத்தான். உட்கார்ந்திருக்கிற கிளையிலேயே அரிவாளை வைக்கிற வேலை.

“சார், இத ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாமா? அங்க யாராவது பக்கத்துல இருந்தா நல்லது.”

“ஒரு செகண்டுதாம்மா தொங்கும். நான் அனுப்பின வரிய அப்படியே போடுங்க.”

மனம் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பழைய அமைப்பு தானாகத் திரும்பும்படி முதலில் ஒரு கட்டளையை வைத்தாள். பிறகு மேலாளரின் வரியை ஒட்டி, மூன்று முறை வாசித்து, என்டரை அழுத்தினாள்.

திரை அப்படியே நின்றது. மணி பதினொன்று ஏழு.

பதினொன்று ஒன்பதுக்குத் தொலைபேசி அடித்தது. இரத்த வங்கிப் பொறுப்பாளர். “மேடம், லிஸ்ட் வரல. ஆபரேஷன் தியேட்டர்ல ரெண்டு பை ஓ நெகட்டிவ் கேக்கறாங்க.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “நான்தாங்க ஒண்ண மாத்தினேன். அதுல அறுந்துடுச்சு. பத்து நிமிஷத்துல தானா வரணும்.”

“வரலேன்னா?”

“யாராவது சர்வர் ரூமுக்குப் போய்த்தான் சரி பண்ணணும்.”

“சரி, லைன்லயே இருங்க. நான் ஃப்ரிட்ஜத் திறந்து கையாலயே பாக்கறேன்.”

கதவு திறக்கும் ஓசை. பைகள் உரசும் சத்தம். ஒவ்வொரு சீட்டையும் அந்த அம்மாள் வாய்விட்டுப் படித்தார். ஏ, பி, மறுபடி ஏ. அந்தத் திரும்பும் கட்டளையில் கோப்பின் பெயரைச் சரியாகத்தான் எழுதினோமா? மூன்று முறை பார்த்தது நினைவிருந்தது. பார்த்தது என்ன என்பதுதான் நினைவில்லை.

“ஒண்ணு கிடைச்சிடுச்சு... இன்னொண்ணு நாளையோட தேதி முடியுது. பரவால்ல, ஆகும்.” பைகளை ஆளிடம் கொடுத்தனுப்பும் குரல் கேட்டது.

பதினொன்று பதினேழு ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. அவள் மறுபடி மறுபடி இணைத்துப் பார்த்தாள். பழைய அமைப்பு ஏறி முடிந்து, பதினெட்டாவது நிமிடம் பாதி கடந்தபோது சர்வர் பதில் சொன்னது. மறுமுனையில் அந்த அம்மாள், “வந்துடுச்சு மேடம்” என்றார், பால் வந்துவிட்டது என்பதைப் போல.

பிழையைக் கண்டுபிடிக்க அரை மணி பிடித்தது. மேலாளர் அனுப்பிய வரியில், நெட்வொர்க் கார்டின் பெயரில் ஒன்று என்ற எண் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எல் என்ற எழுத்து. அந்தத் திரையில் இரண்டும் ஒரே கோடு. முப்பது முறை வாசித்திருந்தாலும் சிக்கியிருக்காது.

மேலாளர் அவள் மேசைக்கு வந்தார். “லைன்ல கோளாறுன்னு ரிப்போர்ட்ல எழுதிடுங்களேன்.”

“இல்ல சார். எல்லுன்னே எழுதறேன். யார் அனுப்பினதுன்னு எழுதல, அழுத்தினது நான்.”

மதியச் சாப்பாடு இறங்கவில்லை. நான்கு மணிக்குப் பொறுக்க முடியாமல் பொறுப்பாளரை அழைத்தாள். “அந்தப் பேஷன்ட்?”

“வார்டுக்கு வந்துட்டாங்க. ஒரு பையே போதுமாயிடுச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “உண்மையச் சொன்னீங்க பாருங்க, அதனாலதான் நான் உடனே ஃப்ரிட்ஜுக்குப் போனேன். லைன் கோளாறுன்னு சொல்லியிருந்தா ஸ்கிரீனையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்” என்றார்.

வேலை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. அன்று காலை மருத்துவமனையின் சர்வர் அறையில் ஓர் எலக்ட்ரீஷியன் காவலுக்கு நின்றார். இருப்புப் பட்டியலைப் பொறுப்பாளர் முன்பே காகிதத்தில் எடுத்து வைத்திருந்தார். திருத்திய வரியை ஒட்டி அவள் அழுத்தினாள். இணைப்பு ஒரு நொடி தொங்கிவிட்டு மீண்டது. பத்து மணிக்கு நான்காவது இயந்திரத்தில் இரத்தம் கொடுக்க வந்த முதல் ஆளைப் பதிவு செய்தார்கள்.