ஏசி அறையில் நின்றுபோன பைகள்

மூளை என்றாலே எல்லோரும் நரம்புச் செல்களைத்தான் பேசுவார்கள். எனக்கோ அவற்றுக்குத் துணையிருக்கும் நட்சத்திர வடிவச் செல்கள் மீதுதான் கண். அவற்றுக்குள் நுண்பைகள் ஓடும். சரக்கை ஏற்றிக்கொண்டு, நூல் போன்ற பாதையில், நின்று, திரும்பி, மறுபடியும் ஓடும். எங்கேதான் போகின்றன என்று பார்த்துக்கொண்டே சாப்பாட்டை மறந்த நாட்கள் உண்டு.

2011இல் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஒரு மருந்தை விட்டால் அந்தப் பைகள் நின்றுவிடுகின்றன என்று கண்டுபிடித்திருந்தேன். மூன்று வருட உழைப்பில் கையில் இருந்தது அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழுவிடம் அதைச் சொல்ல வேண்டும். நான் தினமும் பஸ்ஸில் போய்வந்த எங்கள் ஊர் தேவனாம்பட்டினத்தில் அப்பா, படகில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி வைத்துவிட்டார்.

அப்போது தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இருக்காது. நுண்ணோக்கி மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடும். அந்தப் புழுக்கத்தில் செல்கள் வளரும் தட்டுகளில் மருந்து விடாததைப் படம் பிடிப்பேன். கரண்ட் வந்ததும் முதல் வேலையாக ஏசியைப் பதினெட்டில் வைப்பேன். உடம்பு ஆறிய பிறகுதான் மருந்துத் தட்டு. எனக்கு வெயில் ஆகாது.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாகியும் கரண்ட் வரவில்லை. எரிச்சலோடு மருந்துத் தட்டைப் புழுக்கத்திலேயே வைத்தேன். பைகள் ஓடின. இன்னும் கொஞ்சம் மருந்து விட்டேன். அப்போதும் ஓடின.

ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. மருந்தே படாத தட்டை ஏசிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாக நின்றன. ஏசியை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று அசைந்தது, பிறகு இன்னொன்று. மூன்று வருடமும் வீண் என்று புரிந்தது. ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குளிரில் இவற்றைப் பிடித்து நிறுத்துவது எது என்று அந்த நேரத்திலும் பார்க்க ஆசையாக இருந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியையிடம் போய், "மேடம், மருந்து ஒன்னும் பண்ணல. ரூம் குளிருலதான் நின்னுருக்கு" என்றேன்.

புழுக்கத்தில் ஒன்று, குளிரில் ஒன்று என்று நான் எடுத்திருந்த இரண்டு படங்களையும் அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். "ஏசி ரிமோட்டு யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான் மேடம்."

"வெள்ளிக்கெழம அதையும் சேத்துச் சொல்லு" என்றார்.

அன்று மாலை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்டார். "அந்தப் பையெல்லாம் இன்னிக்கும் நின்னுச்சா பாப்பா?"

"ஓடுதுப்பா" என்று சொல்லி அழுதேன்.