வடக்கு ஸ்டாண்டில் ரஞ்சினி: மோர்னிங்சைடிலிருந்து பார்க்டேலுக்கு ஒரு கடைசி மட்ச்

தொண்ணூறுகளின் நடுவில், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மோர்னிங்சைடிலிருந்து பார்க்டேலுக்கு ஓர் உதைபந்தாட்ட மட்ச் பார்க்கப் போனேன். ரொறன்ரோவுக்குள்ளேயே போய்வந்ததைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். போன கிழமை ஒரு வாசகர், இங்கிலாந்து மட்சுகளைச் சனத்தோடு இருந்து பார்க்க எங்கே போகலாம், ஞாயிறு காலையில் பஸ் எப்படி என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். பாதையை மட்டும் எழுதிவிட்டு எழும்ப முடியவில்லை.

அப்போது என் மனைவி ரஞ்சினி இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய ஆலை நகரத்தில் இருந்தாள். கலியாணம் முடித்துப் பதினொரு மாதத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டோம். காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் எங்களை ஒன்றாக அனுப்பவில்லை. நான் முதலில் வந்து சேர்ந்துவிட்டேன். பின்னால் வந்தவளை லண்டன் விமான நிலையத்தில் மறித்துவிட்டார்கள். அவள் அங்கேயே அகதி விண்ணப்பம் போட்டாள். எனக்கு இங்கே வதிவிட உரிமை கிடைத்ததும் அவளை ஸ்பொன்சர் செய்தேன். அந்த அலுவல் நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டே இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் கண்டு நாலு வருடம் ஆகியிருந்தது.

முந்தின ஓகஸ்டில் அவளுக்கு அந்த நகரத்து உதைபந்தாட்டக் கழகத்தில் வேலை கிடைத்தது. விளையாட அல்ல, கூட்ட. சனிக்கிழமை மட்ச் முடிய, ஞாயிறு காலையில் பதினாலு பெண்கள் போய் ஸ்டாண்டுகளைத் துப்பரவாக்க வேண்டும். கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்நாட்டின் இரண்டாவது தட்டில் விளையாடிய கழகம் அது. அந்தத் தட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் முதலாம் டிவிஷன். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பேன். அவள் குப்பையை வைத்தே மட்சைச் சொல்லுவாள். "வெண்டால் ஒரு துண்டு சிப்ஸும் மிஞ்சாது. தோத்தால் பாதி சாப்பிட்டது எல்லாம் சீற்றுக்குக் கீழ கிடக்கும். ஆக்கள் இடையிலேயே எழும்பிப் போயிடுவினம்."

தொடக்கத்தில் ஐந்து மட்சில் நாலு வென்றார்கள். தீபாவளி மட்டில் எட்டாம் இடம். பிறகு விழத் தொடங்கினார்கள். ஜனவரியில் கப்டனை வேறு கழகத்துக்கு விற்றார்கள், பெப்ரவரியில் மனேஜரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சனம் குறைந்தது. சனம் குறையக் குப்பை குறைந்தது, குப்பை குறையக் கூட்டுகிற பெண்களும் பதினாலிலிருந்து ஆறானார்கள். ரஞ்சினி அந்த ஆறு பேரில் ஒருத்தி. வேலையாட்களுக்கு ரிக்கெற் சும்மா என்பதால் அவளும் மட்ச் பார்க்கப் போகத் தொடங்கினாள். "அவை தோத்திட்டினம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், மார்ச் மாதத்தில் "நாங்கள் தோத்திட்டம்" என்றாள். நான் அதைக் கவனித்தேன். சிரித்தேன் என்றுகூட ஞாபகம்.

நானும் திங்கட்கிழமைப் பேப்பரில் எறும்பு எழுத்துப் புள்ளிப் பட்டியலை விரலால் தடவிப் பார்க்கப் பழகியிருந்தேன். அதே மார்ச்சில், நாலு பேரோடு இருந்த பேஸ்மென்ரை விட்டு மோர்னிங்சைடில் ஒரு அறை அப்பார்ட்மென்ருக்கு மாறினேன். கட்டிலும் திரைச்சேலையும் வாங்கிப் போட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் போனை வைக்குமுன் கேட்பேன்: "விசாக் கடிதம் வந்ததோ?" அவள், "இன்னும் இல்லை" என்பாள்.

கடைசி மட்சுக்கு முதல் கிழமை அவள் சொன்னாள்: "வெண்டால் தப்புவம். இல்லாட்டிக் கீழ் டிவிஷன்தான். நான் வடக்கு ஸ்டாண்டில, கோலுக்குப் பின்னால நிப்பன். உங்கை எங்கையாவது காட்டினால் பாருங்கோ."

பார்க்டேலில், குயின் வீதியில், டிஷ் பூட்டிய ஒரு பாரில் காட்டுவார்கள் என்று தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர் சொன்னார். உள்ளே போகப் பத்து டொலர். கடைசி மட்ச் மட்டும் சனியில் இல்லை, ஞாயிறு, எங்கள் நேரம் காலை பத்துக்கு.

இனிப் பாதை. மோர்னிங்சைடில் 8.10க்கு பஸ் ஏறினேன். இரண்டு டொலர், மாறி ஏறும் துண்டை மறக்காமல் வாங்கவேண்டும். கென்னடி ஸ்டேஷன் 8.45. அந்நாட்களில் ஞாயிறு சப்வே ஒன்பதுக்குத்தான். சாரதியிடம் கொஞ்சம் வேகமாகப் போகமுடியாதா என்று கேட்டிருந்தேன். "போய் என்ன செய்யப்போகிறாய், பூட்டின கதவைப் பார்க்கப்போகிறாயா?" என்றார். அவர் சொன்னபடியே கால் மணித்தியாலம் பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 9.05க்கு ரயில், 9.45க்கு லான்ஸ்டவுண், அங்கிருந்து தெற்கே போகும் பஸ். முப்பது கிலோமீட்டருக்குக் கிட்ட. பாருக்குள் கால் வைத்தபோது 10.06, மட்ச் தொடங்கியிருந்தது.

உள்ளே இருபது பேர் வரை. எல்லாரும் வெள்ளையர், அநேகம் வயதானவர்கள். ஒரு மேசையில் இடம் காட்டியவர் பெயர் கென். அதே நகரத்தில் பிறந்து, குழாய் பொருத்தும் வேலைக்காக இங்கே வந்தவர். நான் திரையில் பந்தைப் பார்க்காமல் சனத்தையே பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"அங்கே உனக்கு யார்?"

"மனைவி. அந்த மைதானத்தைக் கூட்டுகிறவள். வடக்கு ஸ்டாண்டில் நிற்கிறாள்."

கென் மேசையிலிருந்த மற்றவர்களிடம் அதைச் சொன்னார். அதற்குப் பிறகு கமரா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஏழு கிழவர்கள் கழுத்தை நீட்டி என் மனைவியைத் தேடினார்கள். "அதோ! கறுத்தத் தலைமுடி!" என்று ஒருவர் கத்தினார். பார்த்தால் தாடி வைத்த ஓர் ஆள். எல்லாரும் சிரித்தோம்.

இருபதாவது நிமிடத்தில் எங்கள் ஆட்கள் ஒரு கோல் போட்டார்கள். ஆம், எங்கள் ஆட்கள். நானும் எழும்பிக் கத்தினேன். வடக்கு ஸ்டாண்டை மூன்று செக்கன் காட்டினார்கள். கைகளும் வாய்களும்தான் தெரிந்தன. எழுபத்தெட்டாவது நிமிடத்தில் மற்றப் பக்கம் ஒன்று போட்டது. அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று. சமநிலை போதாது. விசில் ஊதியதும் கென் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் வீடு மைதானத்திலிருந்து பத்து நிமிட நடை என்று தெரியும். ஒரு மணித்தியாலம் பொறுத்து, பாரின் பின்பக்க நடையில் இருந்த போனில் தொலைபேசிக் கார்ட் போட்டு எடுத்தேன்.

"பாத்தீங்களோ?" என்றாள்.

"பாத்தனான். உம்மைத்தான் காணேல்லை."

"நான் நிண்டனான். பக்கத்தில நிண்ட மனிசி, பேர்கூடத் தெரியாது, என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. நானும் அழுதன்."

"சரி, விடும். கடிதம் வந்தால் நீர் இஞ்சை வந்திடுவீர்தானே."



"கடிதம் வந்திட்டுது. விசா குத்தியாச்சு."

"எப்ப?"

"ஆறு கிழமை."

"ஏன் சொல்லேல்லை?"

"சீசன் முடியட்டும் எண்டு இருந்தன். நான் வரேல்லை. எனக்கு இன்னொருக்கா முதலில இருந்து தொடங்க ஏலாது. ஊரை விட்டன். லண்டனில ஆரோ வீட்டு ஹோலில நாலு மாதம் படுத்தன். பிறகு இஞ்சை. இப்பதான் றோட்டில நாலு பேர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடினம்."

"நான் உம்மட மனிசன்."

"ஓம். பதினொரு மாதம்." அதில் கோபம் இல்லை. "உங்கட முகம் எனக்குப் படத்தில இருக்கிற மாதிரித்தான் வருது. அசையிறேல்லை."

"அப்ப நான் அங்கை வாறன்."

"வந்து?" என்றாள். ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று கார்டின் பதிவுக் குரல் இடையில் வந்தது. அந்த நிமிடம் முடியுமட்டும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

நடையிலிருந்து மேசைப் பக்கம் வந்தபோது கென் கேட்டார்: "கிடைத்தாளா? உண்மையிலேயே அங்கே நின்றாளா?"

"ஓம். அங்கேதான் நின்றாள்."

அவர் மேசைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். அந்தத் தோற்றுப்போன கிழவர்கள் ஏழு பேரும் ரஞ்சினிக்காகக் கிளாஸைத் தூக்கினார்கள். கென் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரு, ஏதாவது குடி" என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு என்ன வேலை?

வீடு வந்து சேர 3.40. பிறகும் மூன்று ஞாயிறு போன் எடுத்தேன். நாலாவது ஞாயிறு எடுக்கவில்லை; அவளும் எடுக்கவில்லை. விசாவின் தவணை முடிந்தது. இரண்டு வருடத்தில் விவாகரத்துத் தாள்கள் வந்தன, கையெழுத்து வைத்து அனுப்பினேன். அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் இன்றுவரை பிழை என்று சொல்ல முடியவில்லை. அதுதான் கஷ்டம்.

கேட்ட வாசகருக்கு: ஞாயிறு சப்வே இப்போது முன்னையைவிட நேரத்தோடு தொடங்குகிறது, ஆனாலும் போகுமுன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் கையில் வைத்துக்கொண்டு வெளிக்கிடுங்கள். எந்தக் கழகத்தின் ஆட்கள் எந்த பாரில் கூடுவார்கள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள். உங்கள் பக்கம் தோற்றால் உடனே எழும்பி வராதீர்கள். தோற்ற பக்கத்து ஆட்கள் இன்னும் இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருப்பார்கள், ஏன் என்று கேட்காமல் இடம் விடுவார்கள். நான் அன்று இருக்கவில்லை. இருந்திருக்கலாம்.