மூக்கடைத்த நாளில் வறுத்த மசாலா

எங்கள் தெருத் தையல்காரம்மா, மல்லியும் சீரகமும் வறுக்கும்போது கண்ணை நம்புவதே இல்லை. மூக்கு சொன்னால்தான் அடுப்பை அணைப்பார். அன்று பார்த்து ஜலதோஷம். மூக்கு கடையடைப்பு செய்துவிட்டது. டப்பாவிலோ மசாலாப் பொடி துளியும் இல்லை. வேறு வழியில்லாமல், பேப்பரில் மூழ்கியிருந்த கணவரை வாணலி முன்னால் நிறுத்தினார்.

“வாசம் வந்ததும் சொல்லுங்க. கருகிச்சுன்னா மாசம் முழுக்க அதைத்தான் சாப்பிடணும், ஆமா!”

பரீட்சைக்கு வந்தவர் போல மனிதருக்கு வியர்த்தது. திடீரென்று கத்தினார்: “அணை, அணை! உன் புடவை வாசம் வந்துடுச்சு!”

“அப்ப நான் பூசுற சென்ட்டெல்லாம் தண்டமா?” என்று கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தார் தையல்காரம்மா.

பொடி பக்குவமாக வந்தது. ஜலதோஷம் போய்விட்டது, ஆனாலும் வறுக்கும்போதெல்லாம் தையல்காரம்மா கணவரைக் கூப்பிடுகிறார். அவரும் மாப்பிள்ளை முறுக்கோடு எழுந்து வருகிறார்.