மணலின் பிடி அறிந்த சவேரியம்மாள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, அலோர் காஜா கடைத்தெருவில் ஒருவர் என் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்தார். உம்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். "அக்கா ஞாயித்துக்கிழமை தவறிட்டாங்க. காய்ச்சல்தான். கிராணியாருக்குக் கண்டிப்பாச் சொல்லிட்டு வான்னு மாமா அனுப்பிச்சாரு," என்றார். அவர் சவேரியம்மாளின் தம்பி. உட்காரச் சொல்லி ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

மலாக்கா பக்கம் உம்பாய்க் கடற்கரை ரோட்டு வேலையில் இருந்தவர்களுக்கு சவேரியம்மாளைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மண் சுமக்கும் கூலிப் பெண். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நான் குத்தகைக்காரரிடம் கிராணி. எழுத்து வேலையோடு ஆள்களை ஏவும் வேலையும் என்னுடையது. வயது, படிப்பு, தொப்பி, சைக்கிள் எல்லாம் அவரைவிட எனக்குக் கூடுதல். மணல் விஷயத்தில் மட்டும் அவர் பக்கத்தில் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

முதல் நாளே அது தெரிந்துபோயிற்று. காய்ந்த மணலில் சைக்கிளை உருட்ட முடியாமல் நான் வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன். தலையில் கூடையோடு போன சவேரியம்மாள், "தண்ணி ஓரமாப் போங்க கிராணியாரே, வண்டி ஓடும்," என்றார். நான் அவசரக்காரன். அலை அடிக்கும் இடத்துக்கே போய் மிதித்தேன். முன்சக்கரம் புதைந்து, தொப்பியோடு தண்ணீரில் விழுந்தேன். கூட்டம் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. "தண்ணிக்குள்ள போகச் சொல்லலியே. அலை திரும்பிப் போயி, ஈரம் மட்டும் நிக்குது பாருங்க, அங்க போங்க." போனேன். தார் ரோட்டில் போவதுபோல் சைக்கிள் ஓடியது.

மணலை அவர் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்: பொலபொல மணல், பிடி மணல், சொதசொத மணல். ஒரு கை அள்ளி இறுக்கிவிட்டுத் திறப்பார். விரல் தடம் அப்படியே நின்றால் அது பிடி மணல். "தண்ணி இல்லாட்டியும் நிக்காது, தண்ணி மிஞ்சினாலும் நிக்காது. நடுவுல கொஞ்ச நேரந்தான் அதுக்குப் பிடி," என்பார். கிணறு வெட்டும் குடும்பமா என்று ஒருமுறை கேட்டேன். "இல்ல, இங்க வந்து பார்த்ததுதான். தினம் தலையில சுமக்கிறோம், அது எப்பிடின்னு தெரியாமயா போகும்?" என்றார்.

நான் அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் செம்மண்ணை ஒருமுறை செங்குத்தாக வெட்டிவிட்டால் வருஷக்கணக்கில் சுவர் மாதிரி நிற்கும். தோட்டத்திலிருந்து வந்த எங்கள் எல்லாருக்கும் அந்தத் தைரியம் உண்டு. உம்பாயில் ரோட்டுக்குக் குறுக்கே குழாய் பதிக்க ஆள் உயரத்துக்குப் பள்ளம் வெட்டினோம். காலை ஈரத்தில் மணலும் செங்குத்தாகவே நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சவேரியம்மாள் மட்டும் நம்பவில்லை. வெயில் ஏறத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியில் ஆணியால் துளை போட்டு, பள்ளத்தின் சுவரில் தண்ணீர் தெளிப்பார். நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிடுவார். கூடை சுமக்காமல் தப்பிக்க இது ஒரு வழி என்று நினைத்தேன். பலநாள் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "சுவத்தைக் குளிப்பாட்டுனது போதும்லா. போய்க் கல்லைத் தூக்கு."

"வெயில் பட்டுப் பட்டுப் பிடி விட்டுடும் கிராணியாரே. தெளிக்கலேன்னா ஆளை இறக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கல் தூக்கப் போனார்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒருவனும் பள்ளத்தில் இறங்கச் சம்மதிக்கவில்லை. கிராணி சொல்லுக்கு மரியாதை இல்லையா? சப்பாத்தைக் கழற்றிவிட்டு நானே இறங்கினேன். இரண்டு பக்கமும் சுவரைத் தட்டிக் காட்டி, "நிக்குதா இல்லையா, பாருங்கடா," என்றேன். கழுத்தில் பொடிமணல் சொரிந்தது. அண்ணாந்து பார்ப்பதற்குள் நெஞ்சுவரை புதைந்திருந்தேன்.

ஆள்கள் குதித்து மணலை வாரினார்கள். வாரிய இடத்துக்கு அதே வேகத்தில் மணல் இறங்கியது. ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் அது இன்னும் கொஞ்சம் இறுக்கியது. எனக்கு மரண பயம். இரண்டு பேர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். நானும் "ஊத்துங்க, ஊத்துங்க," என்று அலறினேன். சவேரியம்மாள் குறுக்கே கையை நீட்டினார். "ஊத்துனா கூழாகி வாய்க்கு மேல ஏறிடும். தெளிங்க போதும்."

தன் கணவர் சூசையிடம் என்னைச் சுற்றிப் பலகைகளை அடித்து இறக்கச் சொன்னார். தகரத்தால் தெளித்தார். பிறகு எல்லாரையும் காத்திருக்கச் சொன்னார். அந்தக் காத்திருப்பை என்னால் மறக்க முடியவில்லை. என் முகவாய்க்குக் கீழே கையை அணையாகக் கொடுத்து, "மெதுவா மூச்சு விடுங்க, மணலு இப்போ பிடிச்சுக்கும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளங்கையால் மணலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்போ எடுங்க," என்றார். இந்த முறை மணல் கட்டிகட்டியாக வந்தது. நான் உயிரோடு வந்தேன்.

மறுநாள் மேற்பார்வைத் துரை அறிக்கை கேட்டார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். "ஒரு கூலி ஆள் புதைந்தான், நான் உடனே பலகை அடித்து, ஈரம் தெளிக்க உத்தரவிட்டு, அவனை மீட்டேன்," என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். துரை எல்லார் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். மலாக்காவில் இதைவிட நல்ல வேலையும் வாங்கிக் கொடுத்தார்.

அறிக்கையில் இருந்தது எப்படியோ சவேரியம்மாள் காதுக்குப் போய்விட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். "எழுதுனது போகட்டும். தண்ணி தெளிக்கிறதும் ஒரு வேலைதான்னு எழுதிட்டுப் போங்க. நாளைக்கு அதைச் செய்யிறவளை யாரும் சோம்பேறின்னு சொல்லக்கூடாது," என்றார். அதை எழுதினேன். பள்ளத்துக்கு ஓர் ஆள் தெளிக்க வந்தது அப்படித்தான். ரோட்டு வேலை முடியும்வரை வேறு யாரும் புதையவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை திரும்பிப் போக பஸ் ஏறும்போது அவர் தம்பி சொன்னார்: "அக்கா உங்களைப் பத்தி நல்லபடியாத்தான் பேசும். எங்களுக்குத் தண்ணி தெளிக்க ஆள் போட்ட கிராணியார்னு சொல்லும்."

சவேரியம்மாளால் எனக்குக் கிடைத்தது இந்த உயிரும் இந்தப் பிழைப்பும். அந்த அறிக்கையை இனி எந்த அலுவலகத்திலும் திருத்த முடியாது. அவரை அறிந்த உங்கள் முன்னால் திருத்துகிறேன். உம்பாய்ப் பள்ளத்தில் புதைந்தவன் நான். என்னை மீட்டவர் சவேரியம்மாள்.